லண்டனில் அம்மாவுக்கு மறதி: நாம் ஏன் பிந்திப் போகிறோம்?

ஹரோவில் இருக்கும் ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 76 வயது. 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒரு வருடமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். 'வயசு போனால் எல்லாருக்கும் இப்படித்தான், குடும்ப டாக்டர் ஜிபியிடம் சொன்னால் முதியோர் ஹோமில் கொண்டுபோய் விடச் சொல்வார்கள்' என்கிறார் அண்ணா. எங்கள் ஆட்களில் டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான சேவைகளுக்குப் போன ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தானா? போய்ப் பயன் உண்டா?"

பயன் உண்டு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்தக் கிழமையே ஜிபிக்குப் போன் பண்ணுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்ணாவிடமும் இதையெல்லாம் நீங்கள்தான் கதைக்க வேண்டிவரும்.

நான் டாக்டர் இல்லை. பதினேழு வருடமாக லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மறதியைப் பரிசோதிக்கும் மெமரி கிளினிக்குகளில் டாக்டருக்கும் நம் முதியவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் வருகின்றன. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு. அப்பா இரவில் காணாமல் போய்ப் போலீஸ் கொண்டுவந்து விட்ட பிறகு. சில வீடுகளில், மனைவியின் மறதியை யாருக்கும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு. செத்தவீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் "அப்பா எங்கே, இன்னும் வேலையால் வரவில்லையா?" என்று அம்மா கேட்கும்போதுதான் பிள்ளைகளுக்கே விஷயம் தெரியவருகிறது.

ஏன் இப்படிப் பிந்துகிறது என்றால், முதலில் நம் சொற்களைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்தல்" என்று சொல்வோம் இல்லையா? "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது" என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது. அது வயதோடு வருவது, டாக்டரிடம் கொண்டுபோகிற விஷயமில்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதில் வெறுப்புக் கிடையாது, சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இன்னொரு பக்கம் "புத்தி பேதலித்துவிட்டது", "மூளை பிசகிவிட்டது" என்ற சொற்கள். அதைச் சொன்னால் பேத்திக்குக் கலியாணம் பேசும்போது யாராவது "அவர்கள் பரம்பரையில் ஏதோ இருக்காமே" என்று கேட்டுவிடுவார்கள் என்று பயம். ஒரு சொல் டாக்டர் தேவையில்லை என்கிறது, மற்றது வெளியே சொல்லாதே என்கிறது. மூளையில் ஒரு நோய் தொடங்கியிருக்கிறது, அதற்குப் பெயரும் பரிசோதனையும் உண்டு என்று சொல்ல நம் வீடுகளில் பழகிய சொல் ஒன்றும் இல்லை. பஞ்சாபி, உருது பேசும் குடும்பங்களிலும் இதே சிக்கல்தான். அங்கே நாக்கில் முதலில் வரும் சொல் பைத்தியத்துக்கானது.

நீங்கள் நினைப்பதுபோல இது நம் ஒரு சமூகத்தின் குறை மட்டும் இல்லை. 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இதைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறுபான்மை இனத்தவரில் சுமார் 25,000 பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள், 2051இல் அது 1,72,000ஐத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். அதாவது நாற்பது வருடத்தில் ஏழு மடங்கு. மொத்த நாட்டுக்கு இரண்டு மடங்குதான். காரணம் எளிது. ஐம்பது, அறுபதுகளில் கரீபியனிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் இளைஞராக வந்தவர்கள் முதலில் முதுமையடைந்தார்கள். 83க்குப் பிறகு வந்த நம் ஆட்களுக்கு இப்போது அந்த வயது. முப்பத்தைந்து வயதில் பெட்டியோடு ஹீத்ரோவில் இறங்கியவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டி நிற்கிறார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஜிபி பதிவுகளை வைத்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், டிமென்ஷியா உள்ள தெற்காசியர்கள் வெள்ளையரை விடச் சுமார் மூன்று வருடம் குறைந்த வயதில் இறந்துபோகிறார்கள் என்று கண்டார்கள். அதே பதிவுகளில் தெற்காசியருக்கு டிமென்ஷியா என்று எழுதப்படுவது வெள்ளையரை விடக் குறைவாகவும் இருந்தது. "பார், நமக்கு இந்த நோய் குறைவு" என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சர்க்கரையும் பிரஷரும் நம்மில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இரண்டுமே மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பவை. நோய் குறைவாக இருப்பதை விட, பெயர் வைக்கப்படாமல் வீட்டுக்குள் இருப்பவர்கள் அதிகம் என்றுதான் நான் பார்த்ததை வைத்து நினைக்கிறேன்.

வீட்டுக்குள் இது எப்படி மறைகிறது? நம் வீட்டில் அன்பே அதை மறைத்துவிடும். அம்மா கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டால் மருமகள் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். ஒரு மாதத்தில் சமையலறை முழுக்க அவள் கைக்கு வந்துவிடுகிறது. "அம்மா பாவம், இத்தனை வருடம் சமைத்தவ, இனி இருக்கட்டும்" என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். பில் கட்டுவது முதலே மகன்தான். கடைக்கு அப்பா. மருந்து டப்பாவில் போட்டுக் கொடுப்பது நீங்கள். தனியாக இருக்கும் ஆங்கிலேயக் கிழவிக்கு மறதி வந்தால் கட்டாத பில் வாசலில் குவியும், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். உங்கள் அம்மாவிடம் தவறு செய்ய ஒரு வேலைகூட மீதி இருக்காது. பிறகு ஜிபி "பேங்க் கணக்கைத் தானாகப் பார்க்கிறாரா?" என்று கேட்டால், "அவ ஒருநாளும் பார்த்ததில்லை" என்பீர்கள். அது உண்மை, ஆனால் அதிலிருந்து டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் அம்மாவின் வாழ்க்கைக்குள் இருந்தே கவனியுங்கள். புட்டு அவிக்கும் ஒழுங்கு சரியாக வருகிறதா? சேலைக் கொசுவத்தை முன்புபோல் எடுக்கிறாரா, அல்லது நடுவில் நின்று யோசிக்கிறாரா? வெள்ளிக்கிழமையைத் தானாக நினைவு வைத்து மச்ச மாமிசம் தவிர்க்கிறாரா? கந்தசஷ்டி விரதம் எப்போது என்று அவர்தானே வீட்டுக்குச் சொல்லுவார், இப்போதும் சொல்லுகிறாரா? பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுவது எல்லோரும் செய்வது. அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்பது வேறு. இரண்டு கிழமை இதையெல்லாம் தேதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் ஜிபியிடம் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெறுமதியானது இல்லை.

சரி, ஜிபிக்குப் போவது. போன் பண்ணும்போதே இரண்டைக் கேளுங்கள்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இரட்டை நேரம் வேண்டும். அரசின் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் மொழிபெயர்ப்பு இலவசம், அது சலுகை இல்லை. குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைப்பது சரியில்லை என்பதும் அவர்களுடைய சொந்த வழிகாட்டலிலேயே இருக்கிறது. முடிந்தால் இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றும் சொல்லுங்கள். சின்ன விஷயம் போலத் தோன்றும். "பேந்து பார்ப்பம்" என்று அம்மா சொன்னதைச் சென்னையிலிருந்து வந்த ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் புரியாமல் விட்டதையும், டாக்டர் "பதில் தொடர்பில்லாமல் இருக்கிறது" என்று குறித்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். "பிறகு பார்ப்போம்" என்றுதான் அந்த அம்மா சொன்னார்.

மகனோ மகளோ மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கிளினிக்கில் எனக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்து நிமிடம் பிந்திவிட்டேன், அதற்குள் மகன் தொடங்கிவிட்டார். டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்க, மகன் தமிழில், "அம்மா, இன்றைக்கு என்ன கிழமை? நேற்று வெள்ளி, கோயிலுக்குப் போனோமே?" என்றார். அம்மா "சனி" என்றார். ஒரு புள்ளி. மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லச் சொன்னபோது அம்மா தடுமாற, மகனின் உதடு தன்னையறியாமல் முதல் எழுத்தைச் சொல்லியது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் தோற்பதை எந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்? ஆனால் அன்று அம்மாவுக்கு நல்ல புள்ளி வந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை நான் அவரைப் பார்த்தபோது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகனைத் தன் தம்பி என்று நினைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

தப்பு மறுபக்கமும் நடக்கும். இன்னொரு நாள், இன்னொரு இடம். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் ஒருவர், எண்பது வயது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று நான் மொழிபெயர்ப்பதற்கு முன்னமே ஓடிவிட்டார். பிறகு, இது என்ன பருவம் என்று கேட்டார்கள். நவம்பர் மாதம், ஜன்னலில் மழை. "மாரி" என்றார். தாளில் இருப்பதோ இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற நான்கில் ஒன்று. எங்களுக்கு ஏது இலையுதிர் காலம்? மாரி, கோடை, நடுவில் சோளகம். அப்புறம், பிரதமராக இருந்த ஒரு பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்கள். "சிறிமாவோ." நர்ஸ் எதிர்பார்த்தது தாட்சர். 1960இல் உலகத்திலேயே முதல் பெண் பிரதமரானவர் சிறிமாவோ பண்டாரநாயக்க என்று நான் சொல்லிவிடலாமா என்று வாய் துடித்தது. மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கக்கூடாது என்பது விதி. கடைசியில் கேட்டே விட்டேன், "நோயாளியின் நாட்டுப் பிரதமரும் சரியா?" அந்த நர்ஸ் நல்ல மனுஷி, கொஞ்சம் யோசித்துப் புள்ளி கொடுத்தார். எல்லோரும் அப்படி யோசிப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

இதற்காகவே ரூடாஸ் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. சிட்னியில் பல மொழி பேசும் குடியேறிகளோடு வேலை செய்தவர்கள் உருவாக்கி 2004இல் வெளியிட்டார்கள். அதில் உள்ளது ஒரு கடைப் பட்டியல்: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். கொஞ்ச நேரம் கழித்து அதைத் திரும்பச் சொல்லவேண்டும். வாகனம் ஓடும் ரோட்டை லைட் இல்லாமல் எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். கையைப் பொத்தியும் விரித்தும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கும் இதெல்லாம் புரியும். முப்பதுக்கு 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலும் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். மெமரி கிளினிக் கடிதம் வந்ததும் போன் செய்து, "அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, ரூடாஸ் செய்வீர்களா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

அதற்கு முன் ஜிபி இரத்தப் பரிசோதனை எடுப்பார். இதை அலட்சியம் செய்யவேண்டாம். தைராய்டு, பி12 குறைந்தாலும் மறதியும் குழப்பமும் வரும், அது சரிசெய்யக்கூடியது. வருடக்கணக்காகச் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும், அதுவும் வீட்டையும் ஊரையும் ஆட்களையும் இழந்துவந்த ஒரு தலைமுறையில். காதும் பாருங்கள். கேட்காததால் பதில் சொல்லாமல் இருப்பதை மறதி என்று நினைத்துவிடுகிறோம். காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் அதுவே டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட 14 காரணங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது.

டிமென்ஷியா என்றே வந்தால்? அல்சைமர் என்ற டிமென்ஷியா வகைக்கு டொனெபெசில் போன்ற மாத்திரைகள் உண்டு. குணப்படுத்தாது, ஆனால் பலருக்குக் கொஞ்சக் காலம் நிலைமையைப் பிடித்துவைக்கும். அந்தக் கொஞ்சக் காலம் தொடக்கத்தில் கிடைத்தால் அம்மா தன் விருப்பத்தைத் தானே சொல்லக்கூடிய காலமாக இருக்கும். பிந்திப் போனால் அதுவும் போச்சு.

நோயின் பெயர் கிடைத்த பிறகுதான் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் வருகிறது. சேவைகள் என்று கையில் கொடுக்கும் தாள்களில் டே சென்டர் இருக்கும். அங்கே நடப்பது பிங்கோ, பழைய ஆங்கிலப் போர்க்காலப் பாட்டு, மத்தியானம் ஜாக்கெட் பொட்டேட்டோ. அம்மாவுக்குப் போர்க்காலம் என்றால் வேறு. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் "பங்கருக்குள் போவம்" என்று என் கையைப் பிடித்து இழுத்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். புதிய நினைவுகள் உதிர உதிரப் பழையது மேலே வரும், அதோடு பழைய பயமும் வரும். வீட்டுக்கு உதவிக்கு நீலச் சீருடை போட்டு வரும் ஹோம் கேரரைப் பார்த்து ஒடுங்கிப்போவார்கள். முப்பது வருடம் கடையில் நின்று கதைத்த ஆங்கிலமும் மெல்லப் போய்விடும். பிந்திக் கற்ற மொழி முந்திப் போவதைப் பலரிடம் பார்க்கலாம். அப்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்த பேரப்பிள்ளையும் கேரரும் அவருக்கு ஒரே மாதிரி அந்நியர்கள்.

இரண்டொரு தரம் டே சென்டர் போய்விட்டு அம்மா போக மறுப்பார். வேலைக்கு வரும் கேரர் ஒவ்வொரு கிழமையும் மாறுவார், சப்பாத்தோடு சாமி அறைக்குள் போவார், நீங்கள் போன் செய்து "வேண்டாம்" என்பீர்கள். அடுத்த நாள் பதிவில் "குடும்பம் சேவையை மறுத்துவிட்டது" என்று இருக்கும். "ஆசியக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்" என்று இந்த நாட்டு அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புகழ்ச்சி போலக் கேட்கும் அந்த வாக்கியம்தான் எங்களுக்கு வரவேண்டிய உதவியை அதிகம் தடுத்திருக்கிறது. பார்த்துக்கொள்வது குடும்பம் என்று சொல்கிறோமே, உண்மையில் அது ஒரு மகள் அல்லது ஒரு மருமகள். வேலையை விட்டவள், இரவில் தூங்காதவள்.

மாற்றிச் செய்ய முடியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பிராட்ஃபோர்டில் 2006இல் தொடங்கிய "மேரி யாதேன்" என்ற டிமென்ஷியாத் திட்டம் தெற்காசியக் குடும்பங்களிடம் அவர்கள் மொழியிலேயே போனது. அந்தப் பெயருக்கே "என் நினைவுகள்" என்றுதான் அர்த்தம். இங்கே கிளினிக்குகளில் நடக்கும் காக்னிடிவ் ஸ்டிமுலேஷன் தெரபி என்ற பதினான்கு அமர்வுக் குழுப் பயிற்சியைச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் தமிழுக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறது. அதாவது தமிழில் செய்யும் வழி இருக்கிறது. ஹைகேட்டிலும் ஈலிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் வெள்ளிக்கிழமை நம் முதியவர்கள் தாங்களாகவே வந்து கூடும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் போதும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டின் கேர் சட்டப்படி அம்மாவுக்கு ஒரு தேவை மதிப்பீடும், பார்த்துக்கொள்ளும் உங்களுக்குத் தனியாக ஒரு மதிப்பீடும் கவுன்சிலில் கேட்கலாம். அம்மா உதவிக்குத் தகுதியானவர் என்று வந்தால் டைரக்ட் பேமென்ட் கேளுங்கள், அதாவது சேவைக்குப் பதிலாகக் கவுன்சில் பணமாகத் தருவது. அந்தப் பணத்தில் தமிழ் தெரிந்த, சாமி அறைக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றும் ஒருவரை நீங்களே தேர்ந்து வேலைக்கு வைக்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்குச் சம்பளம் கொடுக்க வழமையாக விடமாட்டார்கள். அம்மாவிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் செலவு அவருடையதாகும், மதிப்பீடு அப்போதும் இலவசம்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை பெரும்பாலான வீடுகளில் தவறவிடுவது. பென்ஷன் வயதைத் தாண்டி, ஆறு மாதமாக உதவி தேவைப்படுபவருக்குக் கிடைக்கும். சேமிப்பையோ பிள்ளைகளின் சம்பளத்தையோ பார்க்கமாட்டார்கள். 2025-26இல் வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ட். படிவம் நிரப்பும்போது நம் ஆட்கள் மானத்துக்காக "அம்மா ஓரளவு சமாளிப்பா" என்று எழுதிவிடுவார்கள். அம்மாவின் மிக மோசமான நாளை எழுதுங்கள். (அம்மாவின் விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மட்டும், விண்ணப்பிக்க முன் குடிவரவு ஆலோசகரைக் கேளுங்கள். 89இல் வந்தவருக்கு அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு.) அம்மாவுக்காக முடிவெடுக்கும் உரிமையை உங்களுக்குத் தரும் பத்திரமான பவர் ஆஃப் அட்டர்னியைப் பிறகு என்று விடாதீர்கள். அம்மாவுக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதுதான் அதைச் செய்யலாம். பணத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று.

அண்ணாவின் பயத்துக்கு வருகிறேன். ஜிபியிடம் சொன்னால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். அம்மாவுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை எங்கே இருப்பது என்பது அவர் முடிவு. திறன் போன பிறகும், 2005ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி சட்டப்படி (முடிவெடுக்கும் திறன் பற்றிய சட்டம்) அவருடைய நலன் எதுவென்று பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும், அதில் முடிந்தவரை குடும்பத்தையும் கேட்கவேண்டும். நான் பார்த்தவரை, யாரும் விரும்பாமல் அவசரத்தில் கேர் ஹோமுக்குப் போனவர்கள் பெரும்பாலும் முன்னமே உதவி கேட்காத வீடுகளிலிருந்து போனவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்ப ஒரு ஏற்பாடும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவருக்கே முடியவில்லை என்ற நிலையில் வேறு வழி இருக்காது. இதை அண்ணாவிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். அவருக்கும் அம்மாதானே.

அம்மாவிடம் "டிமென்ஷியா டெஸ்ட்" என்று சொல்லவேண்டாம். "சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு, அப்படியே ஞாபகத்தையும் பார்ப்போம்" என்றால் வருவார், அது பொய்யும் இல்லை. காலை நேர அப்பொயின்ட்மென்ட் எடுங்கள், மாலையில் குழப்பம் கூடும். கொப்பி, மருந்துப் பெட்டி, மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மொழிபெயர்க்கவேண்டாம், அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தால் போதும்.